காலையில் பார்த்துக்கலாம் என்றோம்

கை கால் இழுத்துக்கொண்ட ஒருவரையாவது அறியாத வீடு நம் காலடிப்பேட்டையில் அரிது. கண்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட் பார்த்தவர், மீன் கூடை சுமந்தவர், வெல்டிங் வேலை செய்தவர் என நம்மோடு டீ குடித்தவர்கள்தான். இப்போது உள்ளறைக் கட்டிலில் கிடக்கிறார்கள். "எப்படியிருக்கார்?" என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டு நகர்கிறோம்.

பக்கவாதம் திடீரென்று வந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் பல வருடம் நாமே வளர்த்ததுதான் அது. அதற்கு முதல் காரணம் ரத்தக்கொதிப்பு. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் பிரஷர் மாத்திரை வீடு தேடியே வருகிறது. வாங்கி டிவி மேல் வைத்தோம். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்தினோம். "தினமும் போட்டா பழகிடும்" என்று அடுத்தவருக்கும் புத்தி சொன்னோம். பீடியை விடவில்லை, கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கவில்லை.

வாதம் அடித்த அன்றாவது விழித்தோமா? ராத்திரி சாப்பிடும்போது கையிலிருந்த டம்ளர் நழுவுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது. "வாயுப் பிடிப்பு, தூங்கி எழுந்தா சரியாகிடும்" என்கிறோம். விழுங்க முடியாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுகிறோம். விடிந்ததும் புறா ரத்தம் தேய்க்க ஆள் தேடுகிறோம். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் மூளையில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தது நாம்தான்.

உலகில் 25 வயது கடந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் வாழ்நாளில் பக்கவாதத்தைச் சந்திக்கக்கூடும் என்பது மருத்துவக் கணக்கு. சம்பாதித்தவர் படுத்ததும் மனைவி வீட்டு வேலைக்குப் போகிறார், பெண்ணின் படிப்பு நிற்கிறது. பிசியோதெரபி சில வாரங்களில் விட்டுப்போகிறது, கூட்டிப்போக ஆளில்லாததால். எதிர்வீட்டில் நாம் இருந்தோம், பைக்கும் இருந்தது. இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

இன்றைக்கே வீட்டில் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள், எத்தனை பிரிக்காமல் கிடக்கிறது என்று. யாருக்காவது வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே படுத்திருப்பவர் வீட்டுக்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை போவோம். அவரைக் கைபிடித்து நடக்கவைக்க இன்னும் ஒரு ஆள் தேவைப்படுகிறது.