கெய்ரோவில் ஒரு கிச்சடி!

கெய்ரோ கடைவீதியில் மதிய நேரத்தில் 'டங் டங்' என்று சத்தம் கேட்டால், பக்கத்தில் கோஷரி கடை இருக்கிறது என்று அர்த்தம். கரண்டியைக் கிண்ணத்தில் தட்டித் தட்டிப் பரிமாறுவது அங்கே வழக்கம்.

எகிப்தின் தேசிய உணவாகக் கொண்டாடப்படுகிறது கோஷரி. சாதம், தோலோடு வேகவைத்த முழு மைசூர் பருப்பு, மக்ரோனி ஆகியவற்றின் மேல் தக்காளி சாஸ், கொண்டைக்கடலை, உச்சியில் மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம். பூண்டும் சீரகமும் சேர்த்த வினிகரை விட்டுக் கலந்து சாப்பிடுகிறார்கள்.

பெயரைக் கேட்டதும் வட இந்தியக் கிச்சடி நினைவுக்கு வருகிறதா? காரணம் இருக்கிறது. 14-ம் நூற்றாண்டில் இந்தியா வந்த பயணி இப்னு பதூதா, பாசிப்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, நெய்விட்டுக் காலையில் சாப்பிடும் 'கிஷ்ரி' பற்றி எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட நம் வெண்பொங்கல்! 1882-ல் எகிப்தைப் பிடித்த ஆங்கிலேயர் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். முதல் உலகப் போரில் சூயஸ் கால்வாயைக் காத்த படையிலும் இருந்தார்கள். அவர்களோடுதான் கிச்சடியும் போனது என்பது பலரும் சொல்லும் கதை. அங்கே குடியேறிய இத்தாலியர்களின் மக்ரோனி அதோடு சேர்ந்தது. தக்காளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பருப்பும் வெங்காயமும் எகிப்தில் ஆதிகாலம் தொட்டே உண்டு.

இப்படி ஊர் ஊராக வந்து சேர்ந்த கலவை எப்படி ஒரு நாட்டின் சொந்த உணவானது? அதில் கறி இல்லை, முட்டை இல்லை, பாலும் இல்லை. அரிசியில் குறைவாக உள்ள புரதச் சத்தைப் பருப்பு ஈடுகட்டுவதால், குறைந்த செலவில் வயிறும் நிறையும், உடம்புக்கும் தெம்பு. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் 200 நாள்களுக்கு மேல் விரதம். அந்த நாள்களில் கறி, பால், முட்டை கிடையாது. அவர்களுக்கும் கோஷரி ஒத்துப்போகிறது. கறி வாங்கக் காசில்லாத கூலித் தொழிலாளியும், விரதத்துக்காகக் கறியைத் தவிர்ப்பவரும், ருசிக்காக வரும் வசதியானவரும் ஒரே கடையில் ஒரே கிண்ணம் சாப்பிடுகிறார்கள். யார் எதற்காக வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஏழ்மையை வெளியில் காட்டிக்கொடுக்காத சாப்பாடு அது!

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வெங்காயம் வறுத்த எண்ணெயைத் தூக்கிப் போடாதீர்கள். சாதத்திலும் தக்காளி சாஸிலும் அதையே சேருங்கள். கோஷரியின் மணமே அதில்தான் இருக்கிறது.