மௌஸின் பயன்கள் ஐந்து

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, தாராவியில் எங்கள் சந்தில் குடியிருக்கும் ஏழாம் வகுப்புப் பையன் கம்ப்யூட்டர் பாட நோட்டுடன் என் வீட்டுக்கு வந்தான். "மாமா, நாளைக்குப் பரீட்சை. கொஞ்சம் கேள்வி கேளுங்க" என்றான். கேட்டேன். சி.பி.யூ. என்பதன் விரிவு, கம்ப்யூட்டரின் தந்தை யார், மௌஸின் பயன்கள் ஐந்து. கடகடவென்று ஒப்பித்தான். "மௌஸைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்றேன். கம்ப்யூட்டர் அறை பூட்டியே இருக்கும் என்றும், சாவி பெரிய சாரிடம் இருக்கிறது என்றும் பதில் வந்தது.

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்தே 'கோடிங்' கற்றுத்தர வேண்டும் என்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் 2021-ல் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அதை ஒரு பாடமாகக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் மத்திய அரசின் 2023-24 புள்ளிவிவரப்படி, வேலை செய்யும் கம்ப்யூட்டர் உள்ள பள்ளிகள் நூற்றுக்கு 57 மட்டுமே. அந்த 57-லும் எத்தனை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்பதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

இது புதிய கதையும் அல்ல. 1984-ல் 'கிளாஸ்' என்ற பெயரில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ யந்திரங்களைக் கொடுத்தது. நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் யந்திரம் வாங்குவதையே பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

யந்திரம் இல்லாமல் கம்ப்யூட்டர் பாடம் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் 1990-களிலேயே அட்டைகளையும் கயிறுகளையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அன்றிரவு நான் செய்ததைச் சொல்கிறேன்.

நான் ரயில்வே சரக்கு அலுவலகக் குமாஸ்தா, பத்தாவது தேறியவன். வேகன் எண்களோடுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு வேகனுக்கும் பதினோரு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அதற்கடுத்த இரண்டு கட்டப்பட்ட ஆண்டு, பிறகு நான்கு இலக்க வரிசை எண். கடைசி இலக்கம் காவற்காரன். இரட்டைப்படை இடத்து இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்க வேண்டும். ஒற்றைப்படை இடத்து இலக்கங்களை அதோடு சேர்க்க வேண்டும். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ, அதுதான் கடைசி இலக்கம். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் கம்ப்யூட்டர் பிடித்துவிடும்.

பிஸ்கட் பொட்டலத்தில் கோடுகளுக்குக் கீழே 890 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண்ணுக்கும் இதே கணக்குத்தான். வீட்டில் இருந்த பொட்டலத்தைக் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொன்னேன். சரியாக வந்தது. சோப்பு உறை, தேயிலை உறை என்று தேடி எடுத்து ஒன்பதரை மணி வரை கணக்குப் போட்டான். மூன்றாம் வாய்ப்பாட்டை அவன் இவ்வளவு ஆசையாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. "கழித்தலே தெரியாத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா?" என்று கேட்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவன் அதோடு விடவில்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினால் பிடிபடுமா என்று சோதிக்க ஆரம்பித்தான். பெரும்பாலும் பிடிபட்டது. 1-ம் 6-ம் இடம் மாறியபோது மட்டும் காவற்காரன் ஏமாந்துவிட்டான்! 2-ம் 7-ம் மாறினாலும் அப்படியே. வித்தியாசம் ஐந்தாக இருந்தால் தப்பிவிடுகிறது என்று அவனே கண்டுபிடித்தான். எத்தனையோ வருடமாக வேகன் எண் எழுதும் எனக்கு அது தெரியாது.

மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர், ஏழு எட்டு வகுப்புகளுக்குப் பிறகு வேறு மொழிவழிக்கு மாறுகிறார்கள். அங்கே மொழியோடு மல்லாடவே ஓராண்டு போய்விடும். தாய்மொழியில் யோசித்துப் பழக அவர்களுக்கு இருக்கும் காலம் இந்த ஆறும் ஏழும்தான். கணக்கு வாத்தியாருக்கு இரண்டு நாள் பயிற்சியும், தமிழில் நாற்பது பக்கப் புத்தகமும் போதும் என்பது என் கணக்கு. நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவில் ஒரு பட்டிமன்றத்தைக் குறைத்துக்கொண்டால் அச்சுக் கூலி கிடைத்துவிடும். வாரம் ஒரு நாளாவது அந்த அறையைத் திறக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்க வேண்டும். சங்கங்களும் கூட நின்று கேட்க வேண்டும்.

மறுநாள் பரீட்சையில் மௌஸின் பயன்கள் வந்ததாம். நான்குதான் நினைவுக்கு வந்தது என்றான். ஒரு மார்க் போயிற்று.