விண்ணப்பம் எழுதுவதும் ஒரு விஞ்ஞானப் பாடமே

மடுல்கெல்ல பகுதித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தம் மகள், விடுமுறைக் காலத்து விஞ்ஞான முகாம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாளாம். “நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எழுதுவார்கள், எடுப்பதோ சிலரைத்தான் என்கிறார்கள். கண்டியிலே பெரிய பாடசாலைப் பிள்ளைகள் இருக்க, கொழுந்து எடுப்பவளின் மகளை யார் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்? வீணாக ஆசையை வளர்த்துக்கொண்டு பிறகு அழுவாளே என்று பயமாயிருக்கிறது. பெண்பிள்ளையை வெளியிடத்தில் தங்கவிடுவதும் யோசனையாயிருக்கிறது” என்று அந்த அம்மையார் மனம் விட்டு எழுதியிருக்கிறார்.

இது ஒரு வீட்டின் கவலை மட்டுமன்று. மலைநாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுந்து, எழுந்த இடத்திலேயே அடங்கிப்போகிறது. ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று விரிவாகவே ஆராய எண்ணுகிறோம்.

முதலில், இத்தகைய முகாம்கள் எவ்வாறு தோன்றின என்பதைப் பார்ப்போம். 1957 ஆம் ஆண்டில் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை வானில் ஏவியது. அந்த அதிர்ச்சியால் விழித்துக்கொண்ட அமெரிக்கர், தம் பிள்ளைகளின் விஞ்ஞானக் கல்வியைப் பற்றித் தீவிரமாகச் சிந்திக்கலாயினர். அதன் பயனாக 1959 இல் கலிபோர்னியாவில் ஓஹாய் என்ற சிற்றூரிலுள்ள ஒரு பாடசாலையில் கோடைகால விஞ்ஞான முகாம் ஒன்று தொடங்கிற்று. அங்கே மாணவர் மூவர் மூவராகச் சேர்ந்து, இரவில் தொலைநோக்கியால் ஒரு சிறுகோளைப் படம் பிடித்து, பின்னணி விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் இடத்தை அளந்து, சூரியனை அது சுற்றும் பாதையைத் தாமே கணக்கிடுவார்கள். விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இராது. அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்முகாம் நின்றுவிடவில்லை. அதில் பயின்ற மாணவர்களுள் ஒருவரான பிராங்ளின் அன்டோனியோ பிற்காலத்தில் குவால்கொம் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். 2022 இல் அவர் மறைந்தபோது, இளமையில் சில வாரங்கள் பயின்ற அந்த முகாமுக்கு ஏறத்தாழ 20 கோடி டொலரை எழுதி வைத்திருந்தார். அந்தச் சில வாரங்கள் அவருள்ளத்தில் எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1984 இல் அந்நாட்டிலேயே தொடங்கிய மற்றொரு முகாம் ஆறு வாரம் நடைபெறுவது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. நம் அயல்நாடாகிய இந்தியாவில், விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ 2019 இல் ‘யுவிகா’ என்ற பெயரில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கென இத்தகையதொரு முகாமைத் தொடங்கிற்று. அதன் தேர்வு முறையில் ஒரு சிறப்பு உண்டு: கிராமத்துப் பாடசாலையில் படிப்பவர் என்பதற்கே அங்கே தனியாக மதிப்பளிக்கப்படுகிறது. பெரிய நகரத்துப் பிள்ளை பெறும் புள்ளியையும், வசதியற்ற ஊரில் தானே முயன்று படித்த பிள்ளை பெறும் புள்ளியையும் ஒரே கோலால் அளப்பது முழு நியாயமாகாது என்பதைத் தேர்வாளரே உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

நமது நாட்டிலும் விஞ்ஞானம் கொழும்போடு நின்றுவிடவில்லை. மடுல்கெல்லயிலிருந்து வத்தேகம வழியாக பஸ் ஏறிக் கண்டிக்கு வருபவர், அங்கிருந்து ஹந்தானை மலைப்பக்கம் சற்று ஏறினால் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகத்தைக் காணலாம். 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்நிறுவகத்தின் பணிப்பாளராக 1984 முதல் சில ஆண்டுகள் விளங்கியவர் பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும. காலியில் பிறந்த அவர், உயிர் எவ்வாறு தோன்றிற்று என்னும் கேள்வியை இரசாயன முறையில் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். அமெரிக்கர் சந்திரனிலிருந்து கொண்டுவந்த மண்ணையும் ஆராய்ந்தவர். ஹந்தானைச் சரிவிலும் ஒரு காலத்தில் காப்பியும் தேயிலையுமே நின்றன. தேயிலை மலையும் ஆய்வுகூடமும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல.

இனி, அந்தச் சிறுமிக்கு இதில் என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று பார்ப்போம். சில நாள் முகாமுக்குப் போய் ஒரு சான்றிதழோடு திரும்புவது பெரிய காரியமன்று. சாதாரண தரத்துக்குப் பின் உயர்தரத்தில் எந்தப் பிரிவைத் தேர்வது என்பதே பெரிய காரியம். உயர்தர விஞ்ஞான வகுப்பு உள்ள பாடசாலைகளை 1ஏபி என்று வகைப்படுத்துவார்கள். தோட்டப்புறங்களில் அத்தகைய தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சிலவே. பக்கத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால், பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் நாட்டமுள்ள எத்தனையோ பிள்ளைகள் கலைப் பிரிவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கலைப் பிரிவைத் தாழ்த்திச் சொல்ல வரவில்லை. விரும்பி எடுப்பது வேறு, வேறு வழியின்றி எடுப்பது வேறு என்கிறோம்.

பல்கலைக்கழக அனுமதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விஞ்ஞானத் துறைகளில் 40 வீதமான இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும், கண்டி அடங்காது. ஆகவே மடுல்கெல்லத் தோட்டத்து மாணவி, கண்டி நகரத்துப் புகழ்பெற்ற பாடசாலைகளின் மாணவரோடு ஒரே வரிசையில் நின்றுதான் போட்டியிட வேண்டும். பரீட்சைப் புள்ளி அவள் நடந்த தூரத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு விண்ணப்பக் கட்டுரை அதைச் சொல்லலாம். அவ்விதத்தில் இம்முகாம்களின் கதவு பரீட்சை மண்டபத்தின் கதவைவிடச் சற்று அகலமானது என்றே நாம் கருதுகிறோம்.

சரி, விண்ணப்பத்தில் எதை எழுதுவது? “சிறு வயது முதல் எனக்கு விஞ்ஞானத்தில் அளவற்ற ஆர்வம், வைத்தியராகி நாட்டுக்குத் தொண்டு செய்வதே என் இலட்சியம்” என்று தொடங்கும் கட்டுரைகள் தேர்வாளர் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவை பொய்யல்ல, ஆனால் எழுதியவர் யாரென்பதை அவை காட்டமாட்டா. தேர்வாளர் அறிய விரும்புவது ஒன்றே: இப்பிள்ளை எதையாவது தானே உற்றுப் பார்த்து, ஏன் என்று கேட்டு, விடைகாண முயன்றிருக்கிறதா?

தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய கேள்விக்குப் பஞ்சமேயில்லை. ஓர் உதாரணம் சொல்கிறோம். மழைநாளிலும் பனி மிகுந்த காலையிலும் எடுத்த கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது, ஈரத்துக்கென்று ஓரளவு நிறையைக் கழிப்பது பல தோட்டங்களில் வழக்கம். உண்மையில் ஒரு கிலோ ஈரக் கொழுந்தில் எத்தனை கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது? இதனை அளக்க முடியுமா?

முடியும். தோட்டத்தாரிடம் சொல்லிவிட்டோ, வீட்டோரத்துச் செடியிலிருந்தோ 200 கிராம் ஈரக் கொழுந்தை எடுத்துப் பாடசாலைத் தராசில் நிறுக்கவேண்டும். பின் உலர்ந்த துணியில் பரப்பி மெதுவாக ஒற்றியெடுத்துப் பத்து நிமிடத்தில் மறுபடியும் நிறுக்கவேண்டும். குறைந்த நிறை முழுவதும் மேலே ஒட்டியிருந்த நீர்தானா என்ற சந்தேகம் இங்கே எழவேண்டும். ஏனெனில் பச்சைக் கொழுந்தின் உள்ளேயே முக்காற் பங்குக்குக் குறையாத நீர் உண்டு. பறித்தவுடனே அது வாடத் தொடங்கிவிடும். ஆகவே மழையற்ற நாளில் பறித்த 200 கிராம் உலர்ந்த கொழுந்தையும் அதே துணியில், அதே பத்து நிமிடம் வைத்து நிறுக்கவேண்டும். அதில் குறைவது வாடியதால் வந்த குறைவு. அதைக் கழித்தால் எஞ்சுவதே ஒட்டிய நீர். இந்த இரண்டாவது நிறுவையைத்தான் விஞ்ஞானிகள் கட்டுப்பாட்டுச் சோதனை என்கிறார்கள். ஒரு நாள் அளவைக் கொண்டு முடிவு கூறலாகாது. பல நாள் அளந்து, தேதியோடு கொப்பியில் குறிக்கவேண்டும். இது எவர்மீதும் குற்றஞ் சுமத்தும் முயற்சியன்று. வாய்ப்பேச்சாய் நிற்கும் ஒரு கேள்வியை அளவினால் தீர்த்துக்கொள்ளும் பழக்கம்.

இது சின்னக் காரியம் என்று எவரும் நினைக்கவேண்டாம். 1869 இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத் துரு நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது. அதை ஆராய 1880 இல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து வந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்துக் காற்றில் வைத்து, அதில் வந்து ஒட்டிய வித்திகளைப் பார்த்து, நோய் காற்றின் வழியே பரவுகிறது என்று காட்டினார். மலை முழுவதும் ஒரே பயிரை நட்டது நோய் பரவ எத்துணை வசதியாயிற்று என்பதையும் எடுத்துரைத்தார். காப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை; காப்பி போய்த் தேயிலை வந்தது. ஆயினும் தாவர நோயியல் என்ற துறையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். அதற்கு அவர் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று, பசை பூசிய ஒரு கண்ணாடித் துண்டு.

விண்ணப்பத்தை நிரப்புவது பற்றியும் சில வார்த்தைகள். கட்டுரையை முதலில் தமிழிலேயே எழுதுக. எண்ணம் தெளிந்த பிறகு, ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் சிறு சிறு வாக்கியங்களாக மாற்றுக. இலக்கணப் பிழையை ஆசிரியர் திருத்தலாம். கட்டுரையை வேறொருவர் எழுதித் தரலாகாது. பிறர் எழுதியதன் குரல் எப்படியும் வெளிப்பட்டுவிடும். நேர்முகத்தில் இரண்டு கேள்வியிலேயே குட்டு உடையும். ஆசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பதானால் கடைசி நாளில் போய் நிற்கவேண்டாம். இரண்டு வாரம் முன்னதாகவே சென்று, செய்த சோதனையின் கொப்பியையும் காட்டுக. “நல்ல மாணவி, ஒழுக்கமானவள்” என்பதற்கு மேலாக எழுத அவருக்கும் அப்போது விஷயம் கிடைக்கும். முடிவுத் தேதியை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுக. தபாலில் அனுப்புவதானால் ஒரு வாரம் முந்தியே அனுப்புக.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பெண்பிள்ளை தங்குவதைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் அக்கவலைக்குப் பரிகாரம் விசாரிப்பதே, தடுப்பது அன்று. முகாமை நடத்துவது யார், பெண்பிள்ளைகள் தங்குமிடம் எது, இரவில் பொறுப்பாக இருக்கும் ஆசிரியை யார், எந்த இலக்கத்தில் பேசலாம் என்பவற்றைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஒழுங்கான முகாமினர் இதற்கெல்லாம் முகங்கோணாமல் விடையளிப்பார்கள். இன்னொன்று: கேட்ட எல்லாரையும் “தெரிவு செய்யப்பட்டீர்கள்” என்று வாழ்த்திப் பெருந்தொகை கட்டச் சொல்லும் முகாம்களும் உலகில் இருக்கின்றன. தேர்வு கடுமையான நல்ல முகாம்கள் பலவும் கட்டணத்தைத் தள்ளுகின்றன, அல்லது குடும்பத்தின் வசதிக்கேற்பக் குறைக்கின்றன. கடன் பட்டோ, காதிலுள்ளதை அடகு வைத்தோ எந்த முகாமுக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

தேர்வு கிடைக்காவிட்டால்? நூறு பேர் எழுதும் இடத்தில் பத்துப் பேரை எடுத்தால், தொண்ணூறு பேருக்கு ஏமாற்றம் நிச்சயம். அந்தத் தொண்ணூறு பேரும் தகுதியற்றவர்கள் அல்லர், இடம் அவ்வளவுதான். பிள்ளை இரண்டு நாள் அழுதால் அழட்டும். அதற்குப் பயந்து விண்ணப்பமே வேண்டாம் என்று தாயார் முன்கூட்டித் தடுத்துவிட்டால், தேர்வாளர் செய்யக்கூடிய மறுப்பைத் தாமே செய்தவராவார். முகாமுக்குப் போகாவிட்டாலும், கொழுந்தின் ஈரத்தை அளந்த கொப்பி அவளிடமே இருக்கும். உயர்தர வகுப்பில் ஆய்வுகூடத்துக்குள் நுழையும் நாளில், கட்டுப்பாட்டுச் சோதனை என்பதை வரைவிலக்கணமாக மனனம் செய்யவேண்டிய நிலை அவளுக்கு இராது. அவள் அதைச் செய்தே அறிந்தவள்.

ஆகவே அந்த அம்மையாருக்கும், அவர்போல் தயங்கி நிற்கும் மற்றைப் பெற்றோருக்கும் நாம் கூறுவது இதுவே: விண்ணப்பப் பத்திரத்தை வாங்கிக் கொடுங்கள். மகள் எழுதி முடித்ததும் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கொழுந்தைப் பற்றி அவள் எழுதியிருந்தால், எங்கே சரி, எங்கே பிழை என்று சொல்லத் தகுதியுள்ள முதல் ஆசிரியர் நீங்களே. பெறுபேறு வரும் நாள்வரை காத்திராமல், உயர்தர விஞ்ஞான வகுப்பு உள்ள தமிழ்ப் பாடசாலை எங்கே இருக்கிறது, அங்கே தங்க வசதி உண்டா என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.