சிவாஜி துண்டு மட்டும் போதுமா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றிவரும் துண்டு அது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படப்பிடிப்பு. சிவாஜி, பத்மினி, சுற்றி நிற்கும் இயக்குநர் ஏ.பி.நாகராஜன் யூனிட். ‘அரிய காட்சி, அனைவருக்கும் பகிருங்கள்’ என்று கீழே போட்டிருக்கும். எடுத்தவர் பெயரை மட்டும் ஒருத்தரும் போடுவதில்லை.

எடுத்தவர் லூயி மால் என்ற பிரெஞ்சு இயக்குநர். கடலாய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து எடுத்த கடலடிப் படத்துக்காக 1956இல் கான் விழாவின் தங்கப் பனை வாங்கியபோது அவருக்கு 23 வயது. கதைப்படங்களில் பெயரெடுத்த பிறகு, 1968இல் ஒரு கேமராமேன், ஒரு ஒலிப்பதிவாளர், இந்த இரண்டு பேரோடு இந்தியா வந்தார். கதை, வசனம் எதுவும் கையில் இல்லை. 16 எம்.எம். கேமராதான்.

உத்திரமேரூர் சுற்றுவட்டார டூரிங் கொட்டகைகளில் ஆபரேட்டராக இருந்தவன் நான். 16 எம்.எம். ஃபிலிம் ஒரு விரல் அகலம்தான். ஸ்ப்ராக்கெட்டில் கோத்து, கேட்டுக்கு மேலேயும் கீழேயும் லூப் விட வேண்டும். லூப் குறைந்தால் படம் குதிக்கும், ஓட்டை கிழியும், பெஞ்சுக்காரன் விசில் அடிப்பான். அந்த ஒல்லி ஃபிலிமில்தான் மால் ஏழு பாக ஆவணப்படம் எடுத்துப் போனார். இரண்டாம் பாகம் முழுக்க நம் மெட்ராஸ். மயிலாப்பூர் தேர் நிதானமாக, நீளமாக வருகிறது. கலாக்ஷேத்ரா பிள்ளைகள் ஆடுகிறார்கள். சோவின் நாடகம் ஒன்று நடக்கிறது. அதற்கு நடுவில்தான் சிவாஜி. நாம் அதை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டோம்.

1970இல் பி.பி.சி. இந்த ஆவணப்படத்தை ஒளிபரப்பியதும் டெல்லிக்குக் கோபம் வந்தது. ஏழ்மையைக் காட்டி மானத்தை வாங்கிவிட்டானாம். பி.பி.சி.யின் டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தார்கள். ‘வெள்ளைக்காரன் புத்தி’ என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. படத்தில் வரும் மாலின் பேச்சில் எனக்கும் சில இடங்கள் பிடிக்கவில்லை. வந்து சில மாதத்தில் நம் சாதியைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார். ஆனால் இழிவுபடுத்த வந்தார் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சொந்த ஊரை மட்டும் விட்டாரா? ‘லகோம்ப் லூசியன்’ (1974) படத்தில் நாஜிகளுக்கு ஆள்காட்டி வேலை பார்த்த பிரெஞ்சுப் பையனைக் காட்டி, பிரான்சில் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1944இல் தான் படித்த பள்ளியிலிருந்து யூதப் பிள்ளைகளைப் பிடித்துப் போனதைப் பார்த்தவர், 43 வருஷம் கழித்து அதையும் படமாக்கினார். தன் வீட்டு அழுக்கை மறைக்காதவரிடம், நம் தெருவை மட்டும் பூசி மெழுகிக் காட்டு என்று கேட்க என்ன நியாயம்?

1968 மெட்ராஸைக் கலரில், நேரடிச் சத்தத்தோடு இவ்வளவு நேரம் காட்டுகிற படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதைத் தமிழர்கள் துண்டு துண்டாகப் போனில் பார்ப்பது சரியில்லை. தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் முன்வந்து உரிமை வாங்கி, அந்த இரண்டாம் பாகத்துக்காவது தமிழ் விளக்கம் சேர்க்கட்டும். நூலகங்களுக்குக் கொடுத்துப் பொதுவில் திரையிடட்டும். உத்திரமேரூரில் போட்டால் மிஷின் பக்கம் நிற்க நான் தயார்.