ஓடும், சரி; நிற்குமா?

"கிட் ஒன்று வாங்கு. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் சக்கரத்தை மாட்டு. கேரியரில் பேட்டரியைக் கட்டு. அரை நாள் வேலை. லைசென்ஸும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம்." மின்சைக்கிள் பேச்சை எடுத்தாலே இந்த வாதம் வந்து நிற்கிறது. இது முழுப் பொய்யல்ல. மாட்டினால் ஓடத்தான் செய்யும். ஆனால் இந்த வேலையில் ஓட வைப்பதுதான் சுலபம். மோட்டாரின் முறுக்கை ஃபோர்க் தாங்குமா, அந்த வேகத்தில் பிரேக் பிடிக்குமா, பேட்டரி சூடேறாமல் இருக்குமா, போலீஸ் கைகாட்டினால் என்ன சொல்வது என்பதைப் பற்றி இந்த வாதம் மூச்சே விடுவதில்லை.

"எந்தச் சைக்கிளிலும் மாட்டலாம்"

சாதாரணச் சக்கரத்தில் ஆக்ஸிலுக்குப் பாரம் தாங்குவது மட்டுமே வேலை. சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டாரில் அப்படியில்லை. சக்கரத்தை முன்னே தள்ளும் மோட்டார், அதே முறுக்கோடு ஆக்ஸிலைப் பின்பக்கம் திருப்பப் பார்க்கும். அதனால்தான் மோட்டார் ஆக்ஸிலின் இரு பக்கத்தையும் தட்டையாகச் சீவியிருப்பார்கள். தட்டைக்குத் தட்டை பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். ஃபோர்க்கின் காடி அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். மேட்டில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வந்தால், அந்த ஒரு சென்டிமீட்டர் இடத்தில் ஏறக்குறைய 400 கிலோ பாரம் நெம்புகிறது. காடி விரிந்துகொடுத்தால் ஆக்ஸில் சுழலும், ஒயர் முறுக்கி அறுந்துபோகும், முன்சக்கரமாக இருந்தால் கழன்றே ஓடிவிடும்.

நம்மூர்ச் சைக்கிள்களில் முன் ஃபோர்க்கின் காடி மெல்லிய ஆக்ஸிலுக்கு வெட்டியது. மோட்டார் ஆக்ஸில் நுழையாது. "அரம் போட்டு ராவிவிட்டால் போச்சு" என்பார்கள். இரும்பு ஃபோர்க்கில் கொஞ்சம் ராவலாம். அலுமினிய ஃபோர்க்கில் கை வைக்கவே கூடாது. ஆக்ஸிலைக் கவ்வி மறுமுனையில் ஃபோர்க்கோடோ ஃபிரேமோடோ இறுகும் 'டார்க் ஆர்ம்' என்ற இரும்புத் தகடு எதில் மாட்டினாலும் தேவை. கிட் டப்பாவில் அது இல்லையென்றால் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன்பே ஃபோர்க்கின் இரு காலுக்கும் நடுவே உள்ள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். முன்பக்கக் கிட் பெரும்பாலும் 100 மி.மீ., பின்பக்கம் 135 மி.மீ. பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களின் பின்பக்கம் இதைவிடக் குறுகல்.

"வாட் கூடினால் நல்லது"

மோட்டார்மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி வாட் பேசுவது வீண். மோட்டாருக்குள் எவ்வளவு மின்சாரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது கன்ட்ரோலர். 36 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 15 ஆம்பியர் வரை விட்டால் 540 வாட். '250' என்று எழுதிய மோட்டாரும் அந்த நேரத்தில் அதைத்தான் இழுக்கும்.

வாட்டைவிட, மோட்டார் எந்த வகை என்று கேளுங்கள். மேம்பாலம் ஏறி இறங்குகிற ஊர் ஓட்டத்துக்கு, கூடவே மிதிக்கவும் தயாராக இருப்பவருக்கு, சிறிய கியர் மோட்டார் போதும். கியர் இல்லாத டைரக்ட் மோட்டாரில் தேயும் பாகம் குறைவு, சத்தமும் வராது. ஆனால் கனம் அதிகம், சார்ஜ் தீர்ந்துவிட்டால் மிதிக்கும்போது காலை இழுக்கும். எது எது என்று கடையிலேயே கையால் சுழற்றிப் பார்க்கலாம். கியர் மோட்டார் முன்பக்கம் லேசாகச் சுற்றும், பின்பக்கம் திருப்பினால் இறுகும். டைரக்ட் மோட்டார் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

"ஓடும்போதே சார்ஜ் ஏறும்"

கியர் மோட்டாரில் இது நடக்காது. சக்கரம் தானாக உருளும்போது உள்ளே இருக்கும் கிளட்ச் மோட்டாரை விட்டுவிடும். டைரக்ட் மோட்டாரில் இறக்கத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் கொஞ்சம் திரும்பி வரும், அவ்வளவே. மிதித்தே நிரப்பலாம் என்றால், பழகிய கால் தொடர்ந்து தருவது 100 வாட் அளவு. 360 வாட்-அவர் பேட்டரி நிரம்ப மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும்.

"ஒரே சார்ஜில் 60 கிலோமீட்டர்"

வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். திராட்டிலை மட்டும் திருகிப் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 15 வாட்-அவர் செலவாகும். 24 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். நீங்களும் மிதித்து எட்டுக்குக் கொண்டுவந்தால் 45 வரை வரலாம். 60 என்று சொல்பவரிடம், யார் கால் மிதித்தது என்று கேளுங்கள்.

பேட்டரியில் மிச்சம் பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய ஆபத்து. 36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி 42 வோல்ட்டில் நிரம்பும். அதே 36 என்று விற்கும் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி பெரும்பாலும் 43.8 வோல்ட். சார்ஜர் பின் ஒத்துப்போகிறதே என்று ஒன்றின் சார்ஜரை இன்னொன்றில் செருகக் கூடாது. பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துக் கட்டிய மலிவுப் பேட்டரியை வாங்கவே வேண்டாம். மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் பேட்டரிகள் பல உயிர்களைப் பறித்த நியூயார்க் நகரம், சான்று பெறாத பேட்டரிகளையும் பழைய செல்களில் கட்டியவற்றையும் விற்கக் கூடாது என்று 2023-ல் சட்டமே போட்டது. லித்தியம் அயான் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் வெப்ப வரம்பு பொதுவாக 45 டிகிரி. சித்திரை வெயிலில் நின்ற சைக்கிளின் பேட்டரி அதை எளிதாகத் தாண்டும். நிழலில் ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும்.

"இருக்கிற பிரேக் போதும்"

15 கிலோமீட்டர் வேகம் 25 ஆனால், பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆகிறது. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கனம் தனி. ராடு பிரேக்கும் இரும்பு ரிம்மும் மழையில் எப்படிப் பிடிக்கும் என்பது ஓட்டியவருக்குத் தெரியும். லிவரைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லிவர் பல கிட்டுகளில் வருகிறது. "இது எதற்கு இரண்டு ஒயர்" என்று அதை மாட்டாமல் விடுபவர்கள் உண்டு. விட்டால் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் எதிர்த்துத் தள்ளும். மோட்டார் ஒயரை ஆக்ஸிலுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது.

"லைசென்ஸ் வேண்டாம்"

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இந்த விலக்கைத் தருவது 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிக்குத்தான். அதையும் சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும். பெடல் இருக்கிறது என்பதற்காக 1000 வாட் கிட் மாட்டிய சைக்கிள் சைக்கிளாகவே இருந்துவிடாது. சட்டத்தின் கண்ணில் அது பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்த பிறகு அதைத் தெரிந்துகொள்வது மிகத் தாமதம்.

சைக்கிளை மோட்டாருக்கு மாற்றவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நல்ல இரும்பு ஃபோர்க், கோட்டம் எடுத்த சக்கரம், புதிய பிரேக் கட்டை, சான்றுள்ள பேட்டரி, வரம்புக்குள் அடங்கிய சிறிய மோட்டார் என்றால் நிம்மதியாகப் பல வருடம் ஓட்டலாம். பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவழியுங்கள். காடியில் விரிசலோ ஃபிரேமில் துருவோ தெரிந்தால், அந்தச் சைக்கிளுக்குக் கிட் வாங்குவதைவிடக் கம்பெனியிலிருந்தே வரும் மின்சைக்கிளை வாங்குவது லாபம்.