முத்தம் கேட்ட புலவர்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஐந்தாவது முத்தப் பருவம். குழந்தையின் 11-ஆம் திங்களுக்குரியது என்பர். பகழிக்கூத்தர் வைணவ மரபினர். தம் வயிற்றுநோய் தீரவே திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. அந்நூலில் அவர், முத்து எங்கெங்கே பிறக்கும் என்று வரிசையாக அடுக்குகிறார். அவை அனைத்திற்கும் விலை உண்டாம். செந்தில் முருகனின் வாய்முத்தத்திற்கு மட்டும் விலையே இல்லையாம். முத்தம் என்ற சொல் முத்தையும் குறிக்கும் என்பதை வைத்துக்கொண்டு, புலவர் குழந்தையோடு ஒரு விளையாட்டே ஆடிவிடுகிறார்.

பருவத்திற்குப் பத்துப் பாடல் என்பது மரபு. பத்தாம் பாடலிலும் அவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். குழந்தை கொடுத்ததா என்பதை நூல் சொல்லவில்லை.

சென்ற கோடையில் வெளியூரிலிருந்து வந்த என் மூன்று வயதுப் பேத்தி, என்னைக் கண்டதும் தாயின் முந்தானையில் முகம் புதைத்தாள். அடியேன் பொறுக்கமாட்டாமல் கையைப் பற்றியிழுத்து முத்தமிட்டேன். அழுதாள். பல்லில்லாத இந்த முகம் அவளுக்குப் புதிதல்லவா!

மறுநாள் தொட்டு, பூசை முடிந்ததும் திண்ணையில் அமர்ந்து முத்தப் பருவத்தை உரக்கப் பாடலானேன். அவளை அழைக்கவில்லை. நான்காம் நாள் தூணருகே நின்றாள். பிறகு எதிரில் அமர்ந்து, என் வாயசைவையே உற்று நோக்கி, "முத்து, முத்து" என்றாள்.

ஊருக்குப் புறப்படுகையில் ஓடிவந்து என் குழிந்த கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், அவ்வளவே. முத்தம் இன்னும் கிட்டவில்லை. நூலைப் பாராமல் எனக்கு ஆறு பாடல்கள்தாம் வரும். அடுத்த கோடைக்குள் மற்ற நான்கையும் நெட்டுருச் செய்துவிட வேண்டும்.