கடன் இல்லை, ஆபத்து உண்டு: உதிரிபாக வணிகப் பங்குகளில் முதலீட்டாளர் கவனிக்க வேண்டியவை

மும்பை: வாகன உதிரிபாகங்களை வாங்கி விற்கும் நிறுவனங்களின் பங்குகள் பாதுகாப்பானவை என்ற எண்ணம் சிறு முதலீட்டாளர்களிடையே உள்ளது. புதிய வாகனங்களின் விற்பனை சரிந்தாலும், ஓடும் வாகனங்கள் பழுதாவது நிற்பதில்லை என்பதே அதற்கு அடிப்படை. அமெரிக்காவில் 2023 முதல் நிகழ்ந்தவையும், மும்பைச் சாலைகளில் ஏற்பட்டுவரும் மாற்றங்களும், சென்னையைச் சேர்ந்த ஒரு பழைய நிறுவனத்தின் நிலையும் அந்த எண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன. கடனின்றி நடக்கும் உதிரிபாக வணிகம் திடீரென வீழ்வது அரிது. ஆயினும் அதன் பங்குதாரர் ஏற்கும் ஆபத்து கடன் கணக்கில் தென்படுவதில்லை.

சென்னை நிறுவனம்

தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள 'இந்தியா மோட்டார் பார்ட்ஸ் அண்ட் ஆக்சசரீஸ்' நிறுவனம் 1954-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டும் டி.வி.எஸ். குடும்பத்தின் டி.எஸ். சந்தானம் கிளையைச் சார்ந்தவை. 50-க்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களின் பிரேக், அச்சு, ரேடியேட்டர், மின்சாதனப் பாகங்களை இந்நிறுவனம் வாங்கி, நாடெங்கும் உள்ள கடைகளுக்கு விநியோகிக்கிறது. அண்மை ஆண்டுகளில் இதன் ஆண்டு விற்பனை 700 கோடி ரூபாயைக் கடந்தது. 1927-இல் ஜலந்தரில் தொடங்கிய 'ஜலந்தர் மோட்டார் ஏஜென்சி'யும் இதே வகையைச் சேர்ந்த பட்டியலிடப்பட்ட நிறுவனமாகும்.

சந்தை சிறியதன்று. வாகன உதிரிபாக உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2024-25 நிதியாண்டில் இத்துறையின் மொத்த விற்பனை 6.73 லட்சம் கோடி ரூபாய். அதில் பழுதுநீக்கச் சந்தையின் பங்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய். ஆனால் சந்தை வளர்வதாலேயே விற்பனையாளரின் லாபமும் வளரும் என்று கொள்ள இயலாது.

மெல்லிய லாபம், நீளும் கடன் தவணை

இவ்வணிகத்தில் விலையை நிர்ணயிப்பவர் உற்பத்தியாளர். தவணை கேட்பவர் கடைக்காரர். இருவருக்கும் இடையில் நிற்கும் விநியோகஸ்தருக்கு விற்பனையில் ஒற்றை இலக்கச் சதவீதமே லாபமாக மிஞ்சுகிறது. 100 ரூபாய்க்கு 8 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், ஒரு கடையிலிருந்து வரவேண்டிய 100 ரூபாய் வராமற்போனதும் அதை ஈடுகட்ட மேலும் 1,250 ரூபாய்க்கு விற்றாக வேண்டும்.

தாராவி, குர்லா, செம்பூர்ப் பகுதிகளின் சிறு பட்டறைகளும் கடைகளுமே இத்தகைய சங்கிலியின் கடைசிக் கண்ணிகள். தாராவி மறுசீரமைப்புப் பணிக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் முதலிடம் பெற்றது. மறுசீரமைப்பில் ஒரு பட்டறை இடம்பெயர்ந்தால், அதற்குத் தவணையில் சரக்குக் கொடுத்த கடைக்காரரும், அவருக்குக் கொடுத்த மொத்த வணிகரும் வசூலுக்காகக் காத்திருக்க நேரும். தொழிலாளியின் வாழ்வாதாரப் பிரச்சினையாகத் தொடங்குவது, சங்கிலியின் மறுமுனையில் வாராக்கடனாக முடியலாம்.

வரி மாற்றமும் இவ்வாறே. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதமாக்கப்பட்டது. அதற்கு முன் பல பாகங்களுக்கு வரி 28 சதவீதம். நுகர்வோருக்கு இது நன்மை. அதேவேளையில், 28 சதவீத வரி செலுத்திக் கொள்முதல் செய்த சரக்கை 18 சதவீத வரியில் விற்ற வணிகரின் உள்ளீட்டு வரி வரவு உடனடியாகக் கழியாமல் தேங்கியது. நடப்பு மூலதனம் முடங்குவது என்பது இதுதான்.

அமெரிக்கப் பாடம்

அமெரிக்காவின் பெரிய உதிரிபாகச் சில்லறை விற்பனை நிறுவனங்களுள் ஒன்றான 'அட்வான்ஸ் ஆட்டோ பார்ட்ஸ்', 2023 மே 31 அன்று காலாண்டு ஈவுத்தொகையைப் பங்கு ஒன்றுக்கு 1.50 டாலரிலிருந்து 25 சென்ட்டாகக் குறைத்தது. ஒரே நாளில் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அந்த ஆண்டிலேயே அதன் கடன் தரமதிப்பீடு முதலீட்டுத் தகுதிக்குக் கீழே இறக்கப்பட்டது. 2024 இறுதியில் 'வேர்ல்ட்பேக்' பிரிவை 150 கோடி டாலருக்கு விற்றதுடன், 500-க்கும் மேற்பட்ட கடைகளை மூடவும் முடிவு செய்தது.

அங்கு பெரிய விற்பனையாளர்கள், அலமாரியில் உள்ள சரக்கின் பெரும்பகுதியை உற்பத்தியாளருக்குச் செலுத்த வேண்டிய பாக்கியைக் கொண்டே நடத்துகின்றனர். விற்பனையாளரின் தரமதிப்பீட்டை நம்பி, வங்கிகள் உற்பத்தியாளருக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கின்றன. மதிப்பீடு சரிந்தால் இந்த ஏற்பாடு தளரும். 'ஃபிராம்' வடிகட்டிகள், 'டிரிக்கோ' வைப்பர்கள் ஆகியவற்றைத் தயாரித்த 'ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ்' நிறுவனம் 2025 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியபோது, உற்பத்தியாளர் தரப்பிலும் இத்தகைய கடன் ஏற்பாடுகள் எவ்வளவு பெருகியிருந்தன என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

கடனைத் தவிர்க்கும் சென்னை நிறுவனத்துக்கு இந்த ஆபத்து இல்லை என்பது அதன் வலிமை. ஆனால் வாகனமே மாறும்போது அந்த வலிமை மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி.

வண்டியோடு மறையும் பாகம்

குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி கார், மும்பை டாக்சியாக ஒரு காலத்தில் நகரெங்கும் ஓடியது. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்சிகளுக்கான 20 ஆண்டு வரம்பால், 2023 அக்டோபரில் அது சாலையை விட்டு விலகியது. உற்பத்தி நின்ற பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாகங்களுக்குக் கிராக்கி இருந்தது. வரம்பு முடிந்த நாளில் டாக்சிகளுக்கான கிராக்கியும் முடிந்தது. உதிரிபாக வணிகத்தின் நீண்ட ஆயுளுக்கும் அதன் முடிவுக்கும் இது ஒருசேரச் சான்று.

அடுத்த வரம்பு எரிபொருளால் வரக்கூடும். காற்று மாசு குறித்த வழக்கில், பெட்ரோல், டீசல் வாகனங்களை மும்பையில் படிப்படியாக நிறுத்துவது பற்றி ஆராய்வதற்குக் குழு அமைக்குமாறு மும்பை உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. மாநில அரசும் குழுவை அமைத்தது. நாட்டின் மூன்று சக்கர வாகன விற்பனையில் மின்வாகனங்கள் ஏற்கெனவே பாதியைக் கடந்துவிட்டன. மின்வாகனத்தில் பிஸ்டன், கிளட்ச், எரிபொருள் வடிகட்டி ஆகியவை இல்லை. லாரிகளில் இம்மாற்றம் மிக மெதுவாகவே நிகழ்கிறது. ஆகவே கனரக வாகனப் பாகங்களை விற்போருக்கு அவகாசம் இருக்கிறது.

இன்னொரு போட்டி வாகன நிறுவனங்களிடமிருந்தே வருகிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது. மென்பொருள் பெருகும் வாகனங்களில், பழுதைக் கண்டறியும் கருவியே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, தனிப்பட்டறைகளின் இடம் சுருங்கும். அவர்களை நம்பியிருக்கும் விநியோகஸ்தரின் இடமும் சுருங்கும்.

பங்கு வாங்குபவர் எதை வாங்குகிறார்?

இந்தியா மோட்டார் பார்ட்ஸின் சொத்தில் பெரும்பகுதி கிடங்கில் இல்லை. சுந்தரம் ஃபைனான்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் பங்குகளாக அது இருக்கிறது. அப்பங்குகளின் மதிப்பு உயர்ந்தபோதிலும், இந்நிறுவனப் பங்கு தன் புத்தக மதிப்புக்குக் கீழேயே நீண்ட காலம் கைமாறி வந்துள்ளது. குழுமப் பங்குகள் விற்கப்பட்டு அந்தப் பணம் தங்கள் கைக்கு வரும் என்று சந்தை நம்பாததன் அடையாளம் அது. விலை மலிவாகத் தோன்றுவதால் வாங்குபவர், அந்த மலிவு பல ஆண்டுகள் நீடிக்கும் சாத்தியத்தையும் சேர்த்தே வாங்குகிறார். உதிரிபாகச் சந்தை வளரும் என்ற நம்பிக்கையில் பணம் போடுபவர், உண்மையில் ஒரு நிதி நிறுவனத்தின் ஏற்ற இறக்கத்திலும் பங்கேற்கிறார்.

ஓய்வூதியத்தோடு ஈவுத்தொகையையும் எதிர்பார்க்கும் மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்கள் இத்தகைய பங்குகளை வைத்திருந்தால், ஆண்டறிக்கையில் மூன்று எண்களைப் பார்ப்பது நலம். கடைகளிலிருந்து வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா? சரக்கிருப்பு விற்கும் நாள்கள் கூடுகின்றனவா? லாபத்தில் எவ்வளவு வணிகத்திலிருந்தும், எவ்வளவு பிற நிறுவனங்களின் ஈவுத்தொகையிலிருந்தும் வருகிறது? முதலிரண்டும் ஆண்டுதோறும் கூடி, மூன்றாவதில் வணிகத்தின் பங்கு குறைந்துகொண்டே வருமானால், கடன் பத்தியில் பூஜ்ஜியம் இருந்தாலும் அந்த வணிகம் தளர்ந்து வருகிறது என்றே கொள்ள வேண்டும்.